வாய்க்கால் கரைக்கு வந்தவர்களுக்கும் வரவழைத்தவர்களுக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் சட்டமன்ற உறுப்பினர் இரண்டு மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு வந்து போய்விட்டார். முதல் தடவை சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை காலை ஏழரை மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார், கூடவே ஓர் உதவிப் பொறியாளரும். வந்ததற்கு அவருக்கு நன்றி. ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது முக்கியமாக அவருக்காக இல்லை. அவர் வந்து இறங்கியபோது, தூர்ந்து கிடக்கும் நம் வடிகால் வாய்க்காலுக்காக என்ன கேட்பது, எங்கே கூட்டிப் போவது என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவைக் கொடுத்தவர்களுக்காகத்தான்.

முன்பு அந்தத் தெளிவு நமக்கு இல்லை. 2022-இல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தை 234 தொகுதிக்கும் விரித்தபோது, நெடுநாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும்படி எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். பதினைந்து நாள் கெடு. நாமும் அவசர அவசரமாக ஒரு மனு கொடுத்தோம். அதில் 26 கோரிக்கைகள்! கோயில் மண்டபம், செல்போன் கோபுரம், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பதினெட்டாவதாக வடிகால். எழுதியவன் நான்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அதைப் படித்தவர் யாராக இருந்தாலும் இந்த ஊருக்கு எது அவசரம் என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது. பத்தில் ஒன்றாகக்கூட நம் வடிகால் போய்ச் சேரவில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகாமல் காப்பாற்றியவர், மதகுகளைத் திறந்து மூடும் வேலை பார்த்த நம் லஸ்கர் ஐயா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது, இன்னும் சட்ரஸ் என்கிற மதகுக் கதவுப் பக்கம் போனால் கை தானாக அதன் திருகுப் பிடியைத் தேடுகிறது அவருக்கு. "தம்பி, நீங்க எல்லா மனுவையும் ஒரே இடத்துல போய்க் கொடுக்கறீங்க. ஏ, பின்னு வகை பிரிச்ச பெரிய வாய்க்கால்தான் நீர்வளத்துறை பார்க்கறது. சி, டின்னு சொல்ற சின்ன வாய்க்காலைத் தூர்வார வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் போகணும். நம்மது டி" என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இவ்வளவு சாதாரணமாக. நான்கைந்து வருஷமாகத் தப்பு விலாசத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார். நம் வாய்க்காலை மட்டும் தூர்வாரிப் பிரயோஜனம் இல்லை. அது போய் விழுகிற பெரிய வடிகாலின் வாயில் மண் மேடிட்டுக் கிடந்தால் தண்ணீர் திரும்பி நம் வயலுக்கே வரும். பெரிய வடிகால் நீர்வளத்துறையுடையது. ஆக, இரண்டு துறையும் ஒரே பருவத்தில் இறங்கினால்தான் உண்டு. இரண்டு துறையையும் ஒரே கரையில் நிறுத்த நம்மால் ஆகாது. எம்.எல்.ஏ.வால் ஆகும். அவரிடம் கேட்க வேண்டியது காசு இல்லை, இதுதான் என்று அன்று இரவே முடிவானது.

கடைமடைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் நம் வரப்பைத் தொடுவதற்குள் மேலே இருக்கிற அத்தனை ஊரும் நனைந்து முடிந்திருக்கும். அப்போது தண்ணீர் வரவில்லை என்று அழுகிறோம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் போகவில்லை என்று அழுகிறோம். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதற்காகவே கல்லூரியில் படிக்கும் நம் தங்கை ஒரு காரியம் செய்தாள். ஊரில் யார் யார் செல்போனில் சம்பா மூழ்கிய படம் இருக்கிறதோ எல்லாவற்றையும் வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, ஒரு பக்கத்துக்கு நான்கு படமாக அச்செடுத்துக் கொடுத்தாள். ஒரே வயல், ஒரே மின்கம்பம், மூன்று வருஷம். கம்பத்தில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் ஏறி இறங்குகிறது. அந்த ஒரு தாளுக்கு என்னுடைய மூன்று பக்க மனு ஈடாகாது.

கிராம வரைபடத்தில் வாய்க்காலின் சர்வே எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலருக்கு நன்றி. பதிவில் இருபது அடி அகலம், தரையில் எட்டு அடி. மீதிப் பன்னிரண்டு அடி எங்கே என்பது ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டோம். இங்கே ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எம்.எல்.ஏ. வருவதற்கு நான்கு நாள் முன்பு, யாரும் சொல்லாமலே, கரையில் இருந்த தன் வைக்கோல் போரைப் பிரித்து வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வேலியைத் தள்ளிப் போட்டார்கள். இன்னும் தள்ளாதவர்களும் இதைப் படிப்பீர்கள். சரி, அதற்கு மேல் நான் எழுதவில்லை.

முதல் வருகை அன்று பந்தல் இல்லை, பேனர் இல்லை, சால்வை இல்லை. இதற்குக் கொஞ்சம் சண்டைகூட நடந்தது. மரியாதைக் குறைவாகிவிடும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டது நியாயம்தான். ஆனால் பேனருக்கு வைத்திருந்த காசில்தான் வரைபடமும் படங்களும் நகலெடுத்தோம். காரிலிருந்து இறங்கியவரை நேரே வாய்க்காலுக்கு நடத்திக் கூட்டிப் போனோம். இரண்டு கட்சிக்காரர்களும் கரைத்துண்டு இல்லாமல் ஒன்றாக நடந்து வந்தார்கள். கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காராதவர்கள்! அவர்களுக்கும் நன்றி.

மதகுப் பக்கம் போனதும் லஸ்கர் ஐயா ஒரு மூங்கில் கழியை வாய்க்காலில் இறக்கினார். தண்ணீர் ஒரு சாண், அதற்குக் கீழே மூன்றடிக்குச் சேறு. கழி தானாக நின்றது. பிறகு காய்ந்த தென்னம்பாளை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, "ஐயா, இது எப்ப நகருதுன்னு பாருங்க" என்றார். வெங்காயத் தாமரைக்கும் காட்டாமணக்குக்கும் நடுவில் அது அப்படியே கிடந்தது. ஒருவரும் பேசவில்லை. எம்.எல்.ஏ.வின் செல்போன் இரண்டு முறை அடித்தது, இரண்டாவது முறை உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். பாளை ஒரு முழம்கூடப் போகவில்லை. "இதுக்கு மனுவே வேண்டாமே" என்றார். நான் கையிலிருந்த கவரை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் பேசியதிலும் ஒளிவுமறைவு இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு மூன்று கோடி ரூபாய், தொகுதியில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் அதுதான். தான் வேலையைப் பரிந்துரைக்கலாம், அனுமதி கொடுப்பது ஆட்சியர். கோயில் வேலைக்கு அந்த நிதியைத் தொட முடியாது என்றும் சொன்னார், மண்டபம் கேட்ட பெரியவர்கள் தயவுசெய்து கோபிக்க வேண்டாம். தன் கணக்கில் முதலிடம் வடிகாலுக்கு, அடுத்தது நெல் கொள்முதல், அதற்கப்புறம்தான் சாலை என்றார். ஓட்டுக் கேட்கிறவர்கள் வழக்கமாகச் சாலையைத்தான் முதலில் சொல்வார்கள், தார் போட்டால் கண்ணுக்குத் தெரியும். தூர்வாரியது மழை வந்தால்தான் தெரியும். அதனால் இந்த வரிசையை நான் மதிக்கிறேன். செய்கிறாரா என்று பார்க்கவும் போகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கக் காத்துக் கிடப்பதைச் சுய உதவிக் குழு அக்காக்கள் சொன்ன விதத்தையும் சொல்லியாக வேண்டும். புகார் மாதிரி சொல்லவில்லை. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்கள், அவ்வளவுதான். நெல் காயவைக்க உலர்களத்தைத் தன் நிதியில் பரிந்துரைப்பதாக எம்.எல்.ஏ. அங்கேயே குறித்துக்கொண்டார். பள்ளிக்கூட நேரத்துக்கு டவுன் பஸ்ஸை முன்னால் கொண்டுவரக் கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சபாஷ். மூன்று கோரிக்கை, மூன்றே தாள்.

இரண்டாம் வருகையில் பொறியாளர் அளவெடுத்தார். நீர்வளத்துறைப் பக்கமும் பேசியிருப்பதாகவும், சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் கடைமடை வடிகால்களைப் பற்றிப் பேச எழுதிக் கொடுத்திருப்பதாகவும் எம்.எல்.ஏ. சொன்னார். இதுவரை ஒரு கூடை மண்கூட வெளியே வரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மதிப்பீடு தயாராகிறது. அடுத்த கிராம சபையில் நம் தீர்மானத்தையும் சேர்த்து அனுப்பினால் கோப்புக்குப் பலம் என்று பொறியாளர் சொன்னார். நூறு பேராவது வாருங்கள். போன தடவை மாதிரி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிற வேலை வேண்டாம்.

டீக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த அண்ணனுக்கு நன்றி. அவருக்கும் ஒன்றரை மா நிலத்துச் சம்பா அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கிறது. விடிவதற்குள் கரையில் முள் வெட்டி வழி பண்ணிக் கொடுத்த நான்கு தம்பிகளுக்கும், அறிவிப்புக்கு மைக் கொடுத்த பள்ளிவாசல்காரர்களுக்கும் நன்றி.

லஸ்கர் ஐயா ஊன்றிய மூங்கில் இன்னும் மதகுக்குக் கிழக்கே நிற்கிறது. சேறு ஏறியிருக்கும் இடத்தில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார். பையன்கள் யாரும் தூண்டிலுக்கென்று அதைப் பிடுங்கிவிட வேண்டாம். பொறியாளர் மறுபடி வரும்போது அது அங்கேயே இருக்க வேண்டும்.