பணம் அனுப்ப வேண்டாம் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பத்தாவுக்குச் சளி விட்டுவிட்டது, பழையபடி வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று ராத்திரி போனில் காரின் கியர் பாக்ஸ் மாற்றுகிற செலவைப் பற்றிப் பேசும்போது, "பேசாம கட்டிடுங்கப்பா, நான் அனுப்பறேன்" என்றாய். உன் குரலே சரியில்லை. ஆட்டோமேட்டிக் கார் வாங்கச் சொன்னது நீ என்பதால் இந்தச் செலவும் உன்னைச் சேர்ந்தது என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. அப்படி நினைக்காதே. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இடது காலால் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பத்தாவால் தாழ்வான காரில் குனிந்து ஏற முடியாது. நீங்கள் ஊருக்கு வந்தால் ஏழு பேர் உட்கார வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் நீ சொன்னாய், அது சரியான யோசனைதான். ஓடிய வரைக்கும் அருமையான வண்டி அது. போனில் பேசினால் பாதியில் நீ அழுதுவிடுகிறாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்குப் போனோம் அல்லவா, அன்றைக்கு ஆரம்பித்தது. அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. வல்வில் ஓரி விழாக் கூட்டம் வேறு, வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தன. பாதி மலையில் எதிரே திரையில் கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று வந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, ஏறிவிட்டோம். அதற்குப் பிறகுதான் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி ஒரு வெட்டு வெட்ட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் விட்டேன். லேப்டாப்பை மாட்டி ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். "இந்த மாடல்ல இது நார்மல் சார்" என்றார்கள். அப்போது வாரண்டி இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

வெட்டு நிற்கவில்லை. மறுபடியும் போனேன், மறுபடியும் நார்மல். சில மாதங்களில் வாரண்டி முடிந்தது. அப்புறம் ரிவர்ஸ் விழத் தாமதமானது. கடைசியில், சேலத்திலிருந்து திரும்பி வரும்போது, ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. நான்கு வழிச் சாலை, பின்னால் பாரம் ஏற்றிய லாரி. உள்ளே அம்மாவும் அப்பத்தாவும். இருந்த வேகத்திலேயே ஓரம் ஒதுக்கிவிட்டேன். லாரிக்காரரும் நிதானமானவர், பிரேக் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு உன்னிடம் "வண்டி நின்னுடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று மட்டும்தான் சொன்னேன்.

இப்போது கியர் பாக்ஸ் முழுசாக மாற்ற வேண்டும், நாலு லட்சத்தை ஒட்டி வரும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு நெஞ்சில் நிற்பது, எஸ்டிமேட் கொடுத்த தம்பி சொன்ன வார்த்தை. "உங்க டிரைவிங் ஸ்டைல்தான் சார் காரணம். கிளட்ச் எரிஞ்சிருக்கு."

கண்ணு, உன் அப்பன் நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கும் இந்தூருக்கும் லோடு ஓட்டியவன். கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதே என்பதுதான் எனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சரி, என் பெருமையை விடு. இந்த வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது. எப்போது கிளட்சைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர். என் கையில் இருப்பது ஆக்சிலேட்டரும் பிரேக்கும்தான். மிதிக்கக் கிளட்சே கொடுக்காத வண்டியில் கிளட்சை எரித்தவன் நான் என்கிறார்கள்.

இந்தக் கியர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்வதால் கியர் மாறுவது தெரியாது, எரிபொருளும் மிச்சம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிளட்ச் எண்ணெயில் முங்கியிருக்கும், சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். மற்றொன்றில் எண்ணெய் கிடையாது, உலர் கிளட்ச். நம்முடையது உலர். எண்ணெய் பம்ப் சுமை இல்லாததால் மைலேஜ் கூடும், செய்கிற செலவும் குறைவு. ஆனால் நடக்கிற வேகத்தில் நெரிசலில் நகரும்போதும் மேட்டில் ஊரும்போதும் கம்ப்யூட்டர் கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் ஓட்டுகிறது. அந்த உராய்வுச் சூட்டைக் கொண்டுபோக எதுவும் இல்லை. நம் ஊர்ச் சாலையில் பாதி நேரம் அப்படித்தானே போகிறோம்! வெயிலும் மலையும் நெரிசலும் உள்ள நாட்டில் குடும்பத்தோடு போகிற வண்டி என்று விளம்பரம் செய்து விற்றவர்களுக்கு இது தெரியாதா?

வண்டி பழுதாவது எனக்குப் புதிதில்லை. நடு ராத்திரியில் நாக்பூர் ரோட்டில் கியர் பாக்ஸை இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் பல்லை மாற்றிப் பூட்டி, விடிவதற்குள் கிளம்பியிருக்கிறோம். எனக்குக் கோபம், இவர்கள் திறந்து பார்க்கவே இல்லை என்பதில்தான். "நாங்க ஓபன் பண்றதில்ல சார், அசெம்பிளியா மாத்தறதுதான் கம்பெனி பாலிசி" என்றார்கள். திறக்காமலேயே கிளட்ச் எரிந்தது தெரிகிறது, என் தப்பு என்பதும் தெரிகிறது. ஆனால் கிளட்ச் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டால் மட்டும் தெரியாது. பழைய பெட்டியையும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.

திருச்சி ரோட்டுப் பட்டறை மேஸ்திரியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். லாரி, பஸ், போர்வெல் ரிக் வண்டி என்று அவர் இறக்காத கியர் பாக்ஸ் இல்லை. "கிளட்ச் செட்டும் அதைத் தள்ளுற மோட்டாரும்தாங்க போயிருக்கும், பல்லுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். பெட்டியை இறக்க அவரால் முடியும். கிளட்ச் பிளேட்டை அளவு பார்த்து மாட்டத் தனிக் கருவி வேண்டும், அதையும் வரவழைக்கலாம் என்றார். ஓசூரில் ஆலை வைத்திருக்கிற ஷாஃப்லர் கம்பெனி, லூக் என்ற பெயரில் உலர் இரட்டைக் கிளட்சுக்கென்றே தனி செட்டும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கு விற்கத்தான் செய்கிறது. மாட்டிய பிறகுதான் சிக்கல். புதுக் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த சாஃப்ட்வேர் கம்பெனி லேப்டாப்பில்தான் இருக்கிறது. அத்தனை அனுபவமுள்ள மனிதர், "என்னால முடியாதுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு மனசே ஆறவில்லை.

இந்த இடத்தில் உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை அனுப்பியதைப் படித்தேன். 2022 ஜூலை 1 முதல், கார் கம்பெனிகள் பழுதுபார்க்கும் விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு. ஆனால் தளம் இருக்கிறதே தவிர, கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நம் மேஸ்திரிக்கு வேண்டியது அந்தச் சட்டம்தான்.

மாப்பிள்ளை அனுப்பிய இன்னொன்றை இரண்டு தடவை படித்தேன். ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிஃப்ட் கியர் பாக்ஸ் வழக்கு. அதுவும் இரட்டைக் கிளட்ச்தான். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் மூன்றிலும் வந்தது. வண்டி நடுங்குகிறது என்று புகார் சொல்லி வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நடுக்கம் வண்டியின் கோளாறு என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும்! 2018 ஏப்ரலில் உங்கள் ஃபெடரல் கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் வண்டி வேறு, கம்பெனி வேறு. ஆனால் அதைப் படித்த பிறகு, எஸ்டிமேட் கொடுத்த தம்பி சொன்னதைக் கேட்டுத் தலை குனிய வேண்டியதில்லை என்று தெளிவானது.

அதனால் நான் பணம் கட்டப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நம் வண்டி 18 லட்சம், அதற்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், ஆனாலும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் அந்தக் கெடுவுக்குள்தான் இருக்கிறோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்துவிட்டேன்.

வக்கீல் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். தயாரிப்புக் குறை என்றால் நாம் சொல்வது போதாது, விவரம் தெரிந்த ஒருவர் சோதித்து அறிக்கை தர வேண்டும். இல்லாவிட்டால் பல வழக்குகள் அங்கேயே விழுந்துவிடுமாம். அதனால்தான் பழைய பெட்டியை அவர்களிடம் விடக் கூடாது. நாம் பணம் கட்டிவிட்டால் பெட்டி போய்விடும், பெட்டி போனால் சாட்சியும் போய்விடும். நீ அனுப்புகிற நாலு லட்சம் அந்தச் சாட்சியை அழிக்கத்தான் பயன்படும், புரிகிறதா கண்ணு?

ரீகால் வருமா என்று கேட்டாய். 2021 ஏப்ரல் முதல் அதற்கு விதி இருக்கிறது. ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கிற கோளாறு என்று போதுமான புகார்கள் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்கச் சொல்லலாம். நான்கு வழிச் சாலையில் லாரிக்கு முன்னால் இழுவை போய் நிற்பது பாதுகாப்பில் சேராது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் புகாரையும் போட்டிருக்கிறேன். இன்சூரன்சில் வராதா என்று அம்மா தினம் கேட்கிறாள். வராது. விபத்து நடந்தால்தான் தருவார்கள், இயந்திரம் தானாகப் பழுதானால் சாதாரணப் பாலிசியில் கிடையாது.

நீங்களும் அங்கே ஒரு பழைய ஏழு சீட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடலைக் கேட்பதற்கு முன்னால் எந்த வகைக் கியர் பாக்ஸ் என்று கேளுங்கள். உலர் இரட்டைக் கிளட்ச் என்றால் வேண்டாம். கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய முறை ஆட்டோமேட்டிக் கொஞ்சம் எரிபொருள் கூடக் குடித்தாலும் பரவாயில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஓட்டிப் பாருங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். ரிவர்ஸ் போட்டால் தாமதம் இல்லாமல் பிடிக்க வேண்டும். கியர் ஆயில் மாற்றிய பில் கேளுங்கள். ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கியர் பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. டீலரிடம் வாங்கினால், வாரண்டி முடிந்தாலும் உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் துணைக்கு இருக்கிறது. பெரிய கோளாறு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. பக்கத்து வீட்டுத் தம்பி எங்கே போக வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அப்பத்தா ஆட்டோவில் ஏற மாட்டேன் என்றாள், ஏறிப் பார்த்த பிறகு காற்று நன்றாக வருகிறது என்கிறாள்.

உன்னால் ஆக வேண்டிய உதவி ஒன்று இருக்கிறது. சர்வீஸ் புக்கிங் எல்லாம் உன் ஈமெயிலில்தான் பதிந்திருக்கிறது. கியர் வெட்டுகிறது என்று நான் முதலில் வண்டியை விட்டபோது கொடுத்த ஜாப் கார்டு உனக்கு வந்திருக்கும். அதில் என் புகாரை எழுதி, பக்கத்திலேயே "நார்மல்" என்று போட்டு, தேதியும் கிலோமீட்டரும் குறித்திருப்பார்கள். வாரண்டி இருந்தபோதே சொன்னோம் என்பதற்கு அதுதான் ஆதாரம். இரண்டாவது தடவை கொடுத்த கார்டும் வேண்டும். என்னிடம் இருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. இரண்டையும் தேடி மாப்பிள்ளையிடம் சொல்லி வாட்ஸாப்பில் அனுப்பு. வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன், அதற்குள் வந்தால் நல்லது.

குழந்தைக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா
நாமக்கல்