2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவின் பார்வைக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற கொள்முதல், பண்டகசாலை அலுவலர்களான நமது சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைச் செயற்குழு சார்பில் சமர்ப்பிக்கிறேன்.

ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஓய்வூதியர் நேர்காணலுக்கு உதவி மேசை போட்டோம். பொங்கல் சந்திப்பில் வந்தவர்களைவிடப் பொங்கல் அதிகம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்தது, செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டு வெளியே அதைவிட அதிகம் ஏசப்பட்ட விஷயம். வெளிநாட்டில் மனித உரிமையை நசுக்கிச் செய்த பொருளை உள்ளாட்சி அமைப்பு வாங்க மறுக்கலாமா என்று ஆராய்ந்து, சென்னை மாநகராட்சிக்குக் கொடுக்க ஒரு டெண்டர் நிபந்தனை வரைவு தயாரித்திருக்கிறோம். "கார்ப்பரேஷனுக்கு எதுக்குய்யா வெளியுறவு? முதல்ல குப்பையை அள்ளச் சொல்லு" என்று டீக்கடையில் கேட்டவர்கள் கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் கிடைத்திருக்கும். வராதபடியால் அறிக்கை நீள்கிறது, பொறுத்தருளவும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1996 ஜூனில் ஒரு சட்டம் போட்டது. ராணுவ ஆட்சியிலிருந்த பர்மாவோடு (இன்றைய மியான்மர்) வியாபாரம் செய்யும் கம்பெனிகளின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும். அவற்றின் விலைப்புள்ளியில் 10 சதவீதம் ஏற்றித்தான் ஒப்பிடுவார்கள். பட்டியலில் உள்ளவர் 100 லட்சம் போட்டால் ஒப்பீட்டுக்கு அது 110. பட்டியலில் இல்லாதவர் 108 போட்டிருந்தால் அவர்தான் எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர். அரசு கூடுதலாகக் கொடுப்பது 8 லட்சம். மருத்துவப் பொருளுக்கு விலக்கு உண்டு. பர்மா பஜாரை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கதை இத்தனை நாள் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். ஆப்பிள் கம்பெனி அதே ஆண்டு இந்தச் சட்டத்தையே காரணம் காட்டிப் பர்மாவை விட்டுக் கிளம்பியது. ஆகவே, "இதனால் எதுவும் நடக்காது" என்ற வாதம் எடுபடாது.

அந்தச் சட்டத்தை 2000 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது உண்மை. இதைச் சொல்லித்தான் ஒரு மூத்த உறுப்பினர் வரைவைக் கிழித்துப் போடச் சொன்னார். தீர்ப்பைப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். மாநிலம் சட்டம் போட்ட மூன்று மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றமும் பர்மா மீது ஒரு தடைச் சட்டம் இயற்றியது. தடையை இறுக்கவும் தளர்த்தவும் அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. மாநிலச் சட்டம் அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது, ஆகவே மத்தியச் சட்டத்தின் முன் அது நிற்காது என்பதுதான் தீர்ப்பு. மனித உரிமையைப் பார்த்து வாங்குவதே தப்பு என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. அதற்கு முன் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக அங்கே எத்தனையோ நகரங்களும் மாநிலங்களும் இதே வழியில் போயின. பால்டிமோர் நகரம் தன் ஓய்வூதிய நிதியைத் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகளிலிருந்து விலக்கச் சொல்லிப் போட்ட விதியை மேரிலாந்து மாநில உயர் நீதிமன்றம் 1989-இல் செல்லும் என்றது.

மாசசூசெட்ஸ் சறுக்கியது நாட்டின் பெயரை எழுதிய இடத்தில். பெயரை எழுதியதும் அது வெளியுறவாகி, மத்தியச் சட்டத்தோடு மோதிவிட்டது. நம் அரசியலமைப்பிலும் வெளியுறவு ஏழாம் அட்டவணையின் முதல் பட்டியலில், மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2011 ஜூனில் நமது சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரியபோதுகூட, தானே விதிக்காமல் மத்திய அரசைத்தான் கேட்டுக்கொண்டது. ஆகவே நம் வரைவில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. "கட்டாய உழைப்பால் செய்யப்பட்ட பொருள்" என்பது மட்டுமே இருக்கிறது. அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆவது உடன்படிக்கை மூலம் இந்தியா 1954-இல் ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் போடும் அதிகாரத்தை 298-ஆவது பிரிவு மாநிலத்துக்கும் தருகிறது. பெயரை எடுத்தது கோழைத்தனம் என்று இளைய உறுப்பினர்கள் இருவர் வருத்தப்பட்டார்கள். கோர்ட்டில் நிற்காத வீரத்தால் யாருக்கும் பயனில்லை என்பது என் கருத்து.

வரைவின் நடைமுறை இது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் 10-ஆவது பிரிவு, ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன, அளவிடக்கூடிய காரணிகளைக் கொண்டு குறைந்த விலையைத் தீர்மானிக்கச் சொல்கிறது. எனவே நிபந்தனை முதல் நாளே ஆவணத்தில் இருக்க வேண்டும்; ஆட்சேபம் இருந்தால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்டுக்கொள்ளட்டும். கவர் பிரித்த பிறகு ஒரு வரி சேர்த்தாலும் மேல்முறையீட்டில் போய்விடும். பொருளில் கட்டாய உழைப்பு இல்லை என்பதற்கு ஆதாரம் தராத கம்பெனியை நிராகரிக்காமல், ஒப்பீட்டில் மட்டும் 10 சதவீதம் ஏற்ற வேண்டும். பொய் ஆதாரம் தந்தவருக்கு முன்வைப்புத்தொகை பறிமுதல், கறுப்புப் பட்டியல். மருந்து, கொசு ஒழிப்பு, பேரிடர்க் கொள்முதலுக்கு விலக்கு.

புதிதாகப் படிவம் அச்சடிக்கவும் வேண்டாம். இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடுகளின் ஒப்பந்ததாரர் குறித்து மத்திய நிதி அமைச்சகம் 2020 ஜூலையில் போட்ட உத்தரவுக்குப் பிறகு, கம்பெனியின் உண்மையான உடைமையாளர் யார் என்று சான்று வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. அதே தாளில் ஒரு பத்தி கூட்டினால் போதும்.

சிக்கல் வருமிடம் சூரியத் தகடு, அதாவது சோலார் பேனல். பாலிசிலிக்கான் என்ற மூலப்பொருளை உருக்கி இங்காட் என்ற கட்டி, அதை அறுத்து வேஃபர் என்ற மெல்லிய வில்லை, அதிலிருந்து மின்சாரம் தரும் செல், கடைசியில் பேனல். பேனல் இந்தியாவில் பூட்டியது என்று மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருந்தாலும் வேஃபர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2020 வாக்கில் உலகின் சூரியத் தகட்டுப் பாலிசிலிக்கானில் ஏறத்தாழ 45 சதவீதம் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் தயாரானது. அங்கே உய்குர் மக்களின் கட்டாய உழைப்பு பற்றிய புகாரை வைத்துத்தான் 2022 ஜூன் முதல் அமெரிக்கா அப்பகுதிப் பொருளைத் துறைமுகத்திலேயே நிறுத்துகிறது. பல ஆலைச் சரக்கு ஒரே உலையில் கலந்துவிட்டால் அப்புறம் பேனலைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை, காகிதம்தான் சாட்சி. அம்பத்தூர் டீலரிடம் அந்தக் காகிதம் இருக்காது. ஆகவே, எப்படியும் கேட்கும் உற்பத்தியாளர் அங்கீகாரக் கடிதத்திலேயே பாலிசிலிக்கான் வரை லாட் எண், இன்வாய்ஸ் எண் சேர்த்துத் தரச் சொல்கிறோம்.

முன் கணக்கில் வந்ததுபோல் கூடுதலாக 8 லட்சம் கொடுத்தால் தணிக்கையில் ஆட்சேபப் பாரா விழாதா என்றால், விழும். விலை குறைந்த முத்திரையில்லா விளக்கை விட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை விளக்கு வாங்கியதற்கு நாம் என்ன பதில் எழுதினோமோ அதையே எழுதலாம்: விவரக்குறிப்பில் உள்ளதைத்தான் வாங்கினோம்.

வரைவை 200 வார்டு உறுப்பினர்களுக்கும் அனுப்ப எண்ணம். அச்சுச் செலவை ஆடம்பரம் என்று சொன்னவர்களில் பலர் சந்தா கட்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. செயற்குழு மூன்று முறை கோரம் இல்லாமல் கலைந்தது. கலைந்த நாள்களுக்கும் மண்டப வாடகை உண்டு.

வரவு செலவு ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. விவரங்களைப் பொருளாளர் வைத்திருக்கிறார், தணிக்கையாளர் பார்வையிட்டுவிட்டார். மண்டபம் தந்தவர்களுக்கும், மைக் செட் உதவியவருக்கும், துணைச் செயலாளர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்த வரைவை ரிப்பன் மாளிகையில் நேரில் கொடுத்து விளக்க, டெண்டர் ஆவணம் எழுதிப் பழகிய நாலு பேர் வேண்டும். நம் சங்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை; கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் பஞ்சம். செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், வரைவையும் சேர்த்து. யாரும் வராவிட்டால் இருப்பவரே தொடர வேண்டியிருக்கும். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்