தென்துருவம் போவதா என்று கேட்ட கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது, வடிகாலை நேற்றுதான் வெட்டிவிட்டோம். வீட்டில் துணி காய்ந்து நாலு நாளாகிறது. நீயோ நட்சத்திரப் பிறப்பை ஆராயும் வேலைக்கு, உலகத்திலேயே ஈரம் இல்லாத இரண்டு இடங்களைச் சொல்லி, தென்துருவமா, சிலியின் அட்டகாமா பாலைவனமா, எங்கே போகட்டும் என்று கேட்டிருக்கிறாய். அம்மாவின் ஓட்டு சிலிக்கு. என் ஓட்டு துருவத்துக்கு.

கடிதத்தைப் படித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன், நம்ம காவலூர்ல தொலைநோக்கி இல்லையா? உசரமா வேணும்னா லடாக்குல ஹன்லே இருக்கே?" நியாயமான கேள்விதான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொன்னவன், பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சமையலறையிலேயே உட்கார்ந்து சொன்னேன்.

நட்சத்திரம் பிறக்கிற இடம் ஒரு வாயு மேகம். உள்ளே மைனஸ் 263 டிகிரி வரை குளிர். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஆனால் அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு அநேகமாக வாயே திறக்காது. கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதுதான் 2.6 மில்லிமீட்டர் நீள ரேடியோ அலையில் பேசுகிறது. 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்ஸியாஸ் மூவரும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம் அதைப் பிடித்தார்கள். அதுவரை மேகத்துக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கணக்குப் போட வழி சரியாக இல்லை. மேகம் தன் எடையாலேயே சுருங்கி நடுவில் சூடேறினால், அந்த வெளிச்சத்தைச் சுற்றியுள்ள தூசி விழுங்கிவிட்டு அகச்சிவப்பாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக, வெளியே விடும். கண்ணுக்கு அங்கே வெறும் கறுப்புதான். 1967-இல் பெக்லினும் நியூகெபவரும் அகச்சிவப்பில் பார்த்த பிறகுதான், ஓரியனில் தூசிக்குள் ஒளிந்திருந்த ஒரு இளம் நட்சத்திரம் தெரிந்தது.

சரி, அதற்கும் காவலூருக்கும் என்ன? இந்த அலைகளுக்கு எமன் நீராவி. இப்போது நம் ஊர் தலைக்கு மேல் வானம் முழுக்க இருக்கும் ஆவியைத் தண்ணீராக்கித் தரையில் விட்டால் 50 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும். தென்துருவத்தின் குளிர்காலத்தில் அது கால் மில்லிமீட்டர் அளவுதான். காற்றில் ஈரமெல்லாம் உறைந்து உதிர்ந்துவிடுகிறது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் 2835 மீட்டர் உயரத்தில் வேறு இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி வெறும் ஐஸ். அகச்சிவப்புக்கு இன்னொரு லாபம் உண்டு: சூடான காற்றும் சூடான தொலைநோக்கியும் தாங்களே அகச்சிவப்பில் ஒளிரும், அந்தக் குளிரில் இது வெகுவாக அடங்கிவிடுகிறது.

அட்டகாமாவும் வறண்டதுதான், 5000 மீட்டர் உயரம், அங்கே ஆல்மா என்ற தொலைநோக்கியில் 66 அலைவாங்கித் தட்டுகள். 2014-இல் நம் ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நட்சத்திரத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தூசித் தட்டு இருப்பதை அது காட்டியதே, அந்தப் படம் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அதன் பதிவுகளை நீ எந்த ஊரில் உட்கார்ந்தும் வாங்கிக்கொள்ளலாம். துருவத்தில் ஆள் தங்கியே ஆகவேண்டும். 2007 முதல் நிற்கும் அந்தப் பத்து மீட்டர்த் தொலைநோக்கி முதன்மையாகப் பிரபஞ்சத்தின் ஆதி ஒளியைப் பார்க்கக் கட்டியது என்றாலும், தூசி மூடிய, வேகவேகமாக நட்சத்திரங்களைப் பெற்றுத்தள்ளும் ஆதிகால விண்மீன் மண்டலங்களையும் அதுதானே கண்டெடுத்தது? அதன் பிறகு ஆல்மா அவற்றின் தூரத்தை அளந்தது. முதலில் கண்டெடுக்கிற இடத்தில் ஒரு வருஷம் இரு என்கிறேன். அளக்கிற இடத்துக்கு அப்புறம் போகலாம்.

அம்மா விடவில்லை. யார் சொன்னார்களோ, 1999-இல் அங்கே குளிர்காலத்தில் இருந்த டாக்டர் நீல்சனுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, விமானத்திலிருந்து மருந்தைப் போட்டு, அக்டோபரில்தான் வெளியே கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் போனால் அக்டோபர் கடைசி வரை அடுத்தது கிடையாது. 2001-லும் 2016-லும் குளிர்காலத்திலேயே சிறிய விமானம் போய் நோயாளிகளை மீட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அது அபூர்வம்னு தானே அர்த்தம்?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவள் பயம் பொய் இல்லை. பல், வயிறு, இரத்தம் எல்லாப் பரிசோதனையையும் ஒப்புக்கு முடிக்காமல் ஒழுங்காகச் செய். சந்தேகமான பல்லை இங்கேயே பிடுங்கிவிடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், உனக்குப் பிடிக்கும். அங்கே நட்சத்திரம் எதுவும் உதிப்பதில்லை, மறைவதுமில்லை, ஒரே உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் வான நடுக்கோடுதான் அங்கே அடிவானம். அதனால் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருக்கும் நம் திருவாதிரை உனக்குத் தெரியவே தெரியாது. கார்த்திகையும் தெரியாது. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் மட்டும் அடிவானத்துக்கு மேல் ஐந்து டிகிரியில் சுற்றும். பல்லவர் காலத்தில் கிளம்பிய ஒளி அது. காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்த அகத்தியர் நட்சத்திரமாக இருக்கிறாரே, நம் தோட்டத்துத் தென்னைக்கு மேல் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாரே, அவர் அங்கே 53 டிகிரி உயரத்தில் ஆறு மாச இரவும் இறங்க மாட்டார். இங்கே 20 டிகிரிக்கு மேல் ஏறாத கரைனா நெபுலா அங்கே 60 டிகிரியில் நிற்கும். இரவெல்லாம் நட்சத்திரப் பிறப்பைப் பார்க்க அதைவிடப் பெரிய பிரசவ அறை வேறு எங்கே கிடைக்கும்?

குளிர்காலத்தில் உன் கடிகாரம் நியூசிலாந்து நேரம், எங்களுக்கு ஆறரை மணி நேரம் முன்னால். இணையம் செயற்கைக்கோள் வரும் நேரத்துக்குத்தான் என்றாய், அந்த நேரத்தை எழுதி அனுப்பு. பம்புசெட் ரூமில் இருந்தாலும் வந்துவிடுகிறேன்.

முக்கியமாக இன்னொன்று: ஊறுகாய் எத்தனை கிலோ கொண்டுபோக விடுவார்கள் என்று கேட்டுச் சொல். அம்மா நேற்றே நார்த்தங்காய் வாங்கி உப்பில் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா