இடது கைத் தழும்பு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனில், "மாட்டுக்காரர்கள் கண்டபடி ஊசி போட்டுத்தான் காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது" என்று ஒரே போடாகப் போட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. முப்பது வருடம் வேலூர் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் சாணி மிதித்தவன், பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன்.

காசநோய் மருந்தான பைராசினமைடையே எடுத்துக்கொள். அது வெறும் மாத்திரையாக இருக்கும்வரை கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமி தன்னுடைய நொதியாலேயே அதைப் பைராசினாயிக் அமிலமாக மாற்றி, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறது. அந்த நொதிக்கான பிஎன்சிஏ மரபணு 561 டிஎன்ஏ எழுத்து நீளம். மாட்டுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸில் 169ஆம் எழுத்து சி அல்ல, ஜி. அவ்வளவுதான். அதனால் நொதியின் 57ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது, நொதி வேலை செய்வதில்லை. 'பால்' என்பதைப் 'பாழ்' என்று எழுதிய மாதிரி.

இதில் எந்த மாட்டுக்காரன் கை இருக்கிறது? காசநோய்க்கு அந்த மருந்து வந்ததே 1952இல். பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட்டும் கெரானும் லில் நகரில் 1908 முதல் 1921 வரை மாட்டுக் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துத்தான் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி கிடைத்தது. அதிலும் இதே எழுத்துப் பிழை அப்படியே இருக்கிறது. சாட்சி வேண்டுமென்றால் அந்த ஊசி போட்ட உன் இடது கைத் தழும்பைப் பார். அது சீழ் வைத்தபோது பாட்டி மஞ்சள் பற்றுப் போட வந்தாள், நான்தான் தடுத்தேன்.

மற்றக் காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வேறு கதை. காசநோய்க் கிருமி அக்கம்பக்கத்துக் கிருமிகளிடம் மரபணுவைக் கடன் வாங்குவதில்லை. தன் ஆர்பிஓபி மரபணுவிலோ கேட்ஜி மரபணுவிலோ தற்செயலாக ஒரு பிழை விழ வேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பிழையுள்ளது மட்டும் தப்பிப் பெருகும். அங்கே மனிதனைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

மாட்டுக்காரர்களைக் குற்றம் சொல்வதென்றால் வேறு இடத்தில் சொல்லலாம். ஒரு ஜெர்சி கலப்புப் பசு. கழுத்தில் மயிரை வழித்து டாக்டர் டியூபர்குலின் என்ற காசநோய்ச் சோதனை ஊசி போட்டார். எழுபத்திரண்டு மணி நேரம் கழித்துக் காலிப்பரை வைத்தேன், ஆறு மில்லிமீட்டராக இருந்த தோல் பதின்மூன்றாகத் தடித்திருந்தது, காசநோய்க்கு அடையாளம். பசுவின் சொந்தக்கார அம்மாள் எதுவும் கேட்கவில்லை, கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய் பொய்கை மாட்டுச் சந்தையில் அதே பசு நின்றது. வழித்த இடத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். வாங்க வந்தவர் மடியைத் தடவிப் பார்த்தாரே தவிர, கழுத்துப் பக்கம் போகவே இல்லை. கடன் பாக்கியுள்ள வீட்டில் பசுவைக் கட்டிவைத்துத் தீனி போடு என்று எந்த வாயால் சொல்வது? நானும் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்னொன்று. உன் ஆய்வில் மாட்டுக் காசநோய் என்றாலே போவிஸ் என்று எழுதிவிடாதே. நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த 940 நோயாளி மாதிரிகளைப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்ததே, அதில் ஏழில் இருந்தது மாட்டுக்கும் வரும் இன்னொரு காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ். தடுப்பூசிக் கிருமியை விட்டால் போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஓரிஜிஸில் அந்த 169ஆம் எழுத்துப் பிழை கிடையாது. போவிஸ் என்று நினைத்துப் பைராசினமைடைத் தள்ளிவைத்தால், வேலை செய்யும் மருந்தை வீணாக ஒதுக்கியதாகிவிடும்.

அந்த வருடத்து டைரி பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். பசுவின் காது எண், தோல் அளவு எல்லாம் அதில் உண்டு. மஞ்சள் பூசியதையும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா