மழை அளவு போடுறீங்க, கெணத்து அளவும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பெஞ்ச மறுநாள் எந்த ஊர்ல எத்தனை மில்லிமீட்டர்னு நம்ம பேப்பர்ல போடுறீங்க, நான் அதைத்தான் முதல்ல பார்ப்பேன். அதே மாதிரி மாசம் ஒருவாட்டி பாலாத்தங்கரை கெணத்துங்களோட அளவும் போடணும்னு கேக்கத்தான் இதை எழுதுறேன்.

ரெண்டு வருஷமா மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் பள்ளிகொண்டா சுத்துவட்டாரத்துல ஆறு கெணறு அளக்குறோம். கயித்துல கல்லைக் கட்டி எறக்கி தண்ணி எத்தனை அடியில இருக்குனு பாக்குறது, கலர் வாசனை எழுதுறது, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பு மாதிரி பொருளோட மொத்த அளவு) மீட்டர வெச்சு நம்பர குறிக்கிறது, அவ்ளோதான், பெரிய படிப்பெல்லாம் வேணாம். முதல்ல போனப்ப ஒரு ஆயா "இன்னாபா, எங்க கெணத்துல இன்னா தேடினு கீறீங்க"னு சத்தம் போட்டாங்க, இப்ப அவங்களே "தண்ணி எறங்கிப் போச்சு, எழுதிக்கோ"ன்றாங்க.

தோல் கெடாம இருக்க உப்பு போட்டுத்தான் வெப்பாங்க, தோல் பதப்படுத்துற டேனரில ஊற வெச்சு கழுவுறப்ப அந்த உப்பு பூரா தண்ணிலதான் வருது, அதனாலதான் நம்ம பக்கம் டிடிஎஸ் பாக்கணும். குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே கெடைக்கலன்னா 2000 வரைக்கும்ன்றது அரசாங்க அளவு. எங்க நோட்டுல ஒரு கெணறு சித்திரையில 1,900, ஐப்பசி மழைக்கு அப்புறம் 1,200. மழை முடிஞ்சி ஒரே ஒருவாட்டி வந்து பாக்குறவங்க பரவால்லயேனு எழுதிட்டு போயிடுவாங்க. தோல் பதப்படுத்தப் போடுற குரோமியத்தை மீட்டர் காட்டாது, அதுக்கு லேப்தான், ஆனா எந்த கெணத்துத் தண்ணிய லேப்புக்கு அனுப்பணும்னு இந்த நோட்டு சொல்லும்.

போன வருஷம் இதை ஒரு ஆபீசுக்கு எடுத்துட்டு போனேன், சீல் இல்லாத கணக்கு செல்லாதுனு திருப்பி அனுப்பிட்டாங்க, வயிறு எரிஞ்சிச்சு. டேனரி கழிவுக்காக வேலூர் மக்கள் போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சே, அதுல திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கு இருக்கு, 467 கெணத்துல 350 கெட்டுப்போச்சுனு. அது மட்டும் என்ன சீல் வெச்ச கணக்கா?

மாசாமாசம் 5ஆம் தேதிக்குள்ள எங்க ஆறு கெணத்துக் கணக்கும் உங்க ஆபீசுக்கு வந்துடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைல யாராவது இதே மாதிரி அளக்குறாங்கன்னா அவங்களும் அனுப்பட்டும், மழை அளவுக்குப் பக்கத்துல நாலு வரி எடம் குடுங்க சார்.

இப்படிக்கு,
பாலாத்தங்கரை வாசகர்,
பள்ளிகொண்டா.