கணக்கு சரி, கூடலூர் எங்கே?

கூடலூர், நீலகிரி.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், பிறந்த குழந்தைகளுக்குச் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை நடத்தினால் செலவுக்கேற்ற பலன் கிடைக்குமா என்று கணிக்கும் கணித மாதிரியின் எக்செல் கோப்பும் கிடைத்தன. இங்கு அனைவரும் நலம்; என் முழங்கால்தான் ஏற்றத்தில் முனகுகிறது. உன் மூத்த மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் பதிவானது என்பதால், உன் மாதிரி இந்த மலையில் தேறுகிறதா என்று பார்க்கும் ஆவலோடுதான் கோப்பைத் திறந்தேன்.

முதலில் கணக்கு. பரிசோதனையின் பலனைப் பூஜ்யமாக்கினால், பரிசோதித்தவர், பரிசோதிக்காதவர் என்ற இரு தரப்புக்கும் ஒரே விடை வர வேண்டும், வந்தது. இறப்பைப் பூஜ்யமாக்கினால் யாரும் சாகக் கூடாது; சாகவில்லை. ஆனால், வலி முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு ஆண்டுக்கு 40 சதவீதம் என்று வைத்த நீ, அதை மாதக் கணக்குக்கு மாற்றுகையில் 12-ஆல் வகுத்துவிட்டாய். அப்படி வரும் 3.3 சதவீதத்தைப் பன்னிரண்டு மாதம் ஓட்டினால் ஆண்டு முடிவில் 33 சதவீதம்தான் தேறும், 4.2 என்று வைத்தால்தான் 40 வரும். இது ஒரு சூத்திரத்தோடு தீர்ந்துவிடும் விஷயம்.

தீராதது இறப்பு விகிதம். 1994-இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்விலிருந்து அதை எடுத்திருக்கிறாய். சிக்கிள் செல் அனீமியா உள்ள ஆண்களின் இடைநிலை ஆயுள் 42, பெண்களுக்கு 48 என்று சொன்ன ஆய்வு அது. அந்த நோயாளிகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் அரபு-இந்திய மரபணு வகையில் கருக்கால ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) பிறந்த பின்னும் கூடுதலாக இருப்பதால் நோயின் கடுமை பெரும்பாலும் தணிகிறது. அப்படியானால் உன் எண் இறப்பை மிகைப்படுத்துகிறது என்று சொல்லிவிடலாமா என்றால், அதுவும் முடியாது. இங்குள்ள பணியர் பழங்குடிக் குடியிருப்பில் காய்ச்சலோடு இறந்த குழந்தைக்கு இந்த நோய் இருந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாத நிலையில், ஆயிரம் முறை எண்களை மாற்றி மாற்றி ஓட்டிய உன் உணர்திறன் பகுப்பாய்வு எனக்கு ஆறுதல் தரவில்லை. பத்து சதவீதம் ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது, வேறு ஊர்ச் சட்டையின் கையை மட்டும் மடித்துப் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானது.

வலி வந்தவர் அனைவரும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்ற உன் அனுமானத்தை எங்கள் செவிலியரிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். கூலி போய்விடும் என்று வீட்டிலேயே பல்லைக் கடித்துப் படுத்திருப்பவர்களும், ஊட்டிக்கு அனுப்பினால் குளிரில் வலி கூடும் என்று மறுப்பவர்களும் உன் கட்டங்களில் எங்குமே இல்லை. நிபுணர் மூவர் பார்த்து ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாய். அம்மூவரில் ஒருவராவது குடியிருப்புகளுக்குப் போகிறவரா?

நீரிழிவு நோய்க்கு இதுபோன்ற கணித மாதிரிகளைச் செய்பவர்கள் மவுண்ட் ஹூட் சவால் என்ற பெயரில் கூடி, ஒரே நோயாளிக் குழுவின் விவரங்களை அவரவர் மாதிரியில் இட்டு, வரும் விடைகளை நடந்து முடிந்த ஆய்வுகளின் முடிவுகளோடு வைத்துப் பார்ப்பதை நீ அறிவாய். அதையே சிறிய அளவில் நாம் செய்யலாம். எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 2015 வரையுள்ள விவரங்களைப் பெயர் நீக்கித் தருகிறேன். அவற்றைக் கொண்டு மாதிரியைத் திருத்தி, அடுத்த ஐந்தாண்டில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள், எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்து எழுது. உன் விடை என் கைக்கு வந்த பிறகே மீதிப் பக்கங்களை அனுப்புவேன். பதிவேட்டில் இருப்பவர்கள் எங்களிடம் வந்தவர்கள் மட்டுமே என்பதால் இதுவும் முழு உண்மையாகாது. ஆனாலும் நீ பார்க்காத தரவு என்ற அளவில், உன்னிடம் இப்போது உள்ள எதையும்விட இது மேல்.

இதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பத்தை நான் எழுதிவிடுகிறேன். ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் தமிழிலும் எழுதி நீ அனுப்பிவை, குழுவில் பழங்குடியினர் பிரதிநிதி ஒருவர் இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்