வட அமெரிக்கத் தமிழ் அறிவியலாளர்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

விண்வெளிக்கு அனுப்பச் சோதனைகளை வடிவமைக்கும் பள்ளி மாணவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு வழிகாட்டிகளாக வாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இதற்கான மாணவர் விண்வெளிச் சோதனைத் திட்டம் (Student Spaceflight Experiments Program) 2010இல் தொடங்கியது. எண்டெவர், அட்லாண்டிஸ் விண்கலங்களின் கடைசிப் பயணங்களில் 2011இல் முதல் சோதனைகள் பறந்தன. அதன்பின் அவை சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் செல்கின்றன. மாணவர்கள் அணி அணியாக முன்மொழிவு எழுதுகிறார்கள். ஓர் ஊரிலிருந்து பெரும்பாலும் ஒன்றுதான் பறக்கும்.

அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சிறிய சிலிக்கோன் குழாய். மின்சாரம் கிடையாது, கேமரா கிடையாது. கிளாம்ப் போட்டுக் குழாயை இரண்டு மூன்று அறைகளாகப் பிரிக்கலாம். குறித்த நாளில் விண்வெளி வீரர் கிளாம்பைத் திறந்து குலுக்குவார், அவ்வளவுதான். இதே சோதனையை மாணவர்கள் தரையிலும் செய்து, திரும்பி வரும் குழாயோடு ஒப்பிடுவார்கள்.

"விண்வெளியில் விதை முளைக்குமா?" என்று ஒரு பிள்ளை கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேள்விதான். ஆனால் எடையின்மை இதில் எதை மாற்றும்? வேர்நுனிச் செல்களில் இருக்கும் மாவுமணிகள் (மாவுச்சத்து நிறைந்த நுண்துகள்கள்) அடியில் படிவதால்தான் கீழ்த்திசை எது என்று வேர் உணர்கிறது. அவை படியாவிட்டால்? இங்கேதான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது. அடுத்த சிக்கல், முளைத்த விதை பூமிக்குத் திரும்பியபின் மீண்டும் ஈர்ப்புக்கு உட்பட்டு வளர்ந்துவிடும். எனவே மூன்றாவது அறையில் வளர்ச்சியை நிறுத்தும் திரவம் வேண்டும். எந்தத் திரவம், என்ன செறிவில்? ராக்கெட் தாமதமானால் விதை உலர்ந்தபடியே காத்திருக்குமா? வகுப்பு முழுவதையும் கவனிக்க வேண்டிய ஆசிரியருக்கு இவற்றுக்கெல்லாம் நேரம் இருக்காது. உங்களில் பலருக்கோ இது அன்றாட வேலை.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்களுக்காக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் அறிவியல் கண்காட்சித் திட்டத்தை அப்பாவே இரவில் உட்கார்ந்து முடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பிள்ளையிடமிருந்து சோதனையையே பறித்துவிடுகிறது. கேள்வி கேளுங்கள், அவர்கள் தடுமாறும்போது பொறுத்திருங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வழி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அது பாதுகாப்பானதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தோல்வியின்போதும் நீங்கள் உடனிருக்க வேண்டும். 2014 அக்டோபர் 28 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவில் அன்டாரஸ் ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. இந்தத் திட்டத்தின் 18 சோதனைகள் அதில் அழிந்தன. மாணவர்கள் மீண்டும் குழாய்களை நிரப்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை 2015 ஜனவரியில் வேறொரு ராக்கெட்டில் பறந்தன. அந்த இடைவெளியில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, "மறுபடி செய்வோம்" என்று சொல்வது மிகவும் முக்கியம்.

சங்க நிர்வாகிகளே, உயிரியல், வேதியியல், பொறியியல் தெரிந்த உறுப்பினர்களின் பட்டியலைத் துறைவாரியாகத் தயாரித்து உள்ளூர்க் கல்வி மாவட்டத்திடம் கொடுங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளோடு நின்றுவிட வேண்டாம். ஆய்வகத்தில் வேலை செய்யும் பெற்றோர் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளுக்கு முதலில் செல்லுங்கள். முன்மொழிவுகள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே கோடை விடுமுறை முடிவதற்குள் பள்ளிகளைத் தொடர்புகொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு தன்னார்வ வழிகாட்டி